பாத்திரத்தூளுக்குப் பாலாபிஷேகம்

காலையில் எழுந்ததும் பூபதி நாக்கை நீட்டினான். சிட்டு தன் மெல்லிய அலகால் அதன்மேல் ஒரு இழுப்பு இழுத்து, தனக்குள் ருசி பார்த்துவிட்டு, "இன்றுமுதல் காப்பித்தூள் மாறுகிறது அய்யா. பழையதில் புளிப்பு கூடிவிட்டது" என்றது.

"பழசு எனக்குப் புடிச்சிருந்துச்சே."

"பிடித்திருந்தது என்பது ஒரு தகவல். பதிந்துகொண்டேன்" என்று சொல்லிவிட்டு, அவன் மனைவி மரகதத்தின் நாக்கைப் பார்க்க அடுத்த அறைக்கு உருண்டு போனது.

கோயம்புத்தூரில் எல்லா வீடுகளிலும் அந்த நேரத்தில் நாக்குகள் நீண்டுகொண்டிருந்தன. சிட்டு மாதிரி நாக்குப் பார்க்கும் வீட்டு இயந்திரங்களுக்குப் பொருள்வாங்கி என்று அரசாங்கம் வைத்த பெயரைச் சுருக்கி ஊர் அவற்றை வாங்கி என்றது. முன்னொரு காலத்தில் மனிதர்களே கடைக்குப் போய்த் தங்கள் கையால் வாங்கினார்களாம். ஓடாதவர்கள் ஓட்டக் காலணி வாங்கினார்கள். சமைக்காதவர்கள் இருபது வகை வாணலி வாங்கினார்கள். திரையில் ஒருவன் சிரித்துக்கொண்டே நீட்டியதையெல்லாம் கடன் சொல்லி வாங்கி, கடைசியில் வீட்டை விற்றுச் சாமான்களைத் தெருவில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அதன்பிறகுதான் வாங்கும் உரிமையை மனிதரிடமிருந்து பிடுங்கி இயந்திரங்களிடம் கொடுத்தது சட்டம். வாங்கி தரத்தைச் சோதிக்கும், விலையை ஒப்பிடும், முடிவெடுக்கும். அதன் முடிவில் வீட்டார் கைவைக்கக் கூடாது. ஓட்டுப் போடும் உரிமையை மட்டும் மனிதரிடம் ஏன் விட்டுவைத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

பூபதிக்குத் தன் சட்டையின் நிறம்கூடத் தன் இஷ்டம் இல்லை என்பதில் வருத்தம் இருந்ததில்லை. காரணம் அவன் மகள் வேனில். பிறவியிலேயே அவளுக்குத் தோல் காகிதம் மாதிரி. ஒவ்வாத சோப்பு ஒரு துளி பட்டால் போதும், விரல்கள் வெடித்து ரத்தம் கசியும். எந்தத் துணி, எந்த எண்ணெய், எந்தத் தண்ணீர் அவளுக்கு ஆகும் என்பதை அவள் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து சிட்டு படித்து வைத்திருந்தது. டாக்டர்களே சிட்டுவிடம்தான் கேட்டுப்போவார்கள்.

ஆனால் வேலையில் இருக்கிறவர்களுக்குத்தான் வீட்டு வாங்கி. வேலை போனால் தெருவுக்கு ஒன்றாக நிற்கும் பொதுவாங்கியிடம் போகவேண்டும். அது எல்லாருக்கும் ஒரே பழுப்புச் சட்டை, ஒரே கஞ்சிமாவு, ஒரே சோப்பு வாங்கித் தரும். அந்தச் சோப்பு வேனிலின் கையில் பட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே பூபதிக்குப் பயம். அவன் வேலையோ இப்போது நூலில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவன் வேலை விளம்பரம். மனிதர்களிடம் வாங்கு வாங்கு என்று சொல்லிப் பயனில்லாததால், விளம்பரக்காரர்கள் இப்போது இயந்திரங்களிடம் சொன்னார்கள். அதிலும் ஒரு சிக்கல். வாங்கிகளுக்கு அனுப்பும் செய்தியில் உண்மையைத் தவிர வேறொன்றும் இருக்கக் கூடாது. ஒரு பொய் சொன்னால் உரிமம் போய்விடும். பூபதி விற்கவேண்டியதோ அவன் நிறுவனமே தயாரிக்கும் பௌர்ணமி பாத்திரத்தூள். அதைப் பற்றிச் சொல்லக்கூடிய உண்மைகள்: அது பொடியாக இருக்கும், பொட்டலத்தில் இருக்கும், தேய்த்த தட்டில் சாம்பல் பூத்த மாதிரி ஒரு படலம் தங்கும். சோதித்துப் பார்த்த வாங்கி ஒவ்வொன்றும் முகம் சுளித்தது. முகம் இல்லாதவைகூடச் சுளித்தன. சேலத்திலிருந்து வரும் வைரம் பாத்திரத்தூள் எல்லாச் சோதனையிலும் தேறியது, விலையும் குறைவு.

அவன் நிறுவனத்தின் தலைவர் தண்டாயுதபாணி. அவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிடவேண்டும். வாழ்க்கையில் எந்த ஆட்டமும் ஆடாதவர். மேடையேறும்போது ஒருமுறை கால் பிசகியதைத் தன் 'காயம்' என்று சொல்லுவார். ஆனால் வியாபாரம் என்பது விளையாட்டு என்று எங்கோ கேட்டுவிட்டு, ஊழியர்களுக்கெல்லாம் முதுகில் எண் போட்ட பனியன் மாட்டியிருந்தார். கழுத்தில் விசில். சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு வாசகம்: 'பந்தைப் பார், பார்வையாளரைப் பார்க்காதே.' நிறுவனத்தின் அதிகாரபூர்வ விளையாட்டு கபடி. கபடியில் பந்து கிடையாது என்று ஒருவன் அவரிடம் எடுத்துச் சொன்னான். அவன் இப்போது பழுப்புச் சட்டையில் இருந்தான்.

"கபடி நமக்கு என்ன கத்துக்குடுக்குது?" என்று கேப்டன் அன்று விசிலை ஊதிவிட்டுக் கேட்டார். "ஒரே மூச்சு! எதிரியோட கோட்டைக்குள்ள போ, தொடு, திரும்பி வா. அதனால இன்னையிலிருந்து எந்த விளம்பரத்தை அனுப்பறதா இருந்தாலும் மூச்சை அடக்கிக் கபடி கபடின்னு பாடிக்கிட்டே அனுப்போணும். மூச்சு விட்டவன் அவுட்."

அலுவலகம் முழுக்கக் கபடி கபடி என்று தேனீக்கூடு மாதிரி இரைந்தது. பக்கத்து மேசை சகாயராஜ் ஒரு நீண்ட விளம்பரத்தை அனுப்பும்போது பாதியில் மயங்கி விசைப்பலகையின்மேல் விழுந்தான். அவன் நெற்றி அழுத்திய எழுத்துகள் ஊர் வாங்கிகள் அனைத்துக்கும் போய்ச் சேர்ந்தன. அதில் பொய் இல்லாததால் உரிமத்துக்கு ஆபத்தில்லை.

"இது தோல்வி இல்ல, பயிற்சி" என்ற கேப்டன் பூபதியின் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, உன்ற பௌர்ணமி என்னாச்சு? இந்த சீசன் முடியறதுக்குள்ள அது விக்கலைன்னா நீ பெஞ்சுல உக்காந்துக்க வேண்டீதுதான்."

"பொடி கொஞ்சம் நல்லா இருந்தா விக்கலாமுங்க, கேப்டன்."

"ஆடத்தெரியாதவன் ஆடுகளத்தைக் குத்தம் சொன்னானாம்!" என்று சொல்லி அவர் விசிலை ஊதினார். கூட்டம் முடிந்தது என்று அர்த்தம்.

*

ஞாயிற்றுக்கிழமை பூபதி முகத்தில் மஞ்சள் பூசிக்கொண்டு கபடி மைதானத்துக்குப் போனான். கவலை இருந்தால் என்ன, நொய்யல் வேங்கைகள் ஆடும்போது போகாமல் இருக்கமுடியுமா? நிலக்கடலைப் பொட்டலம் வாங்க சிட்டுவும் கூடப் போனது.

வேங்கைகள் வழக்கம்போலத் தோற்றுக்கொண்டிருந்தார்கள். எதிரணி சேலம். அவர்களுடைய சிவப்புச் சட்டைக் கூட்டம் எதிர்ப்பக்கம் எழுந்து நின்று கைகொட்டிச் சிரித்தது. பூபதி தொண்டை கிழியக் கத்தினான். பக்கத்து இருக்கை ஆறுச்சாமி, ஆண்டுதோறும் சொல்வதை இந்த ஆண்டும் சொன்னார்: "அடுத்த வருசம் கப்பு நம்மளுதுதானுங்க."

"அதுல என்னுங்க சந்தேகம்?" என்றான் பூபதி.

சிட்டு கடலைத்தோலைப் பொறுக்கியபடியே, "அய்யா, ஒன்று கேட்கலாமா?" என்றது. "இந்த அணிதான் பட்டியலில் கடைசி. எப்போதும் கடைசி. சேலம் அணி எல்லா வகையிலும் தரமானது. நுழைவுச் சீட்டும் மலிவு. மாற்றிவிடட்டுமா?"

பூபதிக்கு மஞ்சளையும் மீறி முகம் சிவந்தது. "என்ன பேச்சு பேசற நீ? டீமை மாத்தறதா? அது நம்ம பசங்கடா!"

"ஏழு பேரில் ஐந்து பேர் அரியானாவிலிருந்து ஒப்பந்தத்துக்கு வந்தவர்கள். இந்த அணித்தலைவர் போன ஆண்டு சேலத்துக்கு ஆடினார். அப்போது அவர் தாயாரைப் பற்றி நீங்கள் கத்தியதைப் பதிந்து வைத்திருக்கிறேன்."

"அது போன வருசம்."

"இந்த ஆண்டு அவர் நம்ம பையன்."

"ஆமா."

சிட்டு இன்னொரு கடலைத்தோலைப் பொறுக்கியது. "புரியவில்லை. ஆனால் இந்த அணியை 'மாற்றாதவை'யில் வைத்துவிடுகிறேன்."

"அதென்ன மாற்றாதவை?"

"எனக்குள் ஒரு சிறிய அறை. நீங்கள் தரம் பார்க்காமல் வைத்துக்கொள்ளும் சாமான்கள் அங்கே இருக்கும். அம்மாவின் தாலி, உங்கள் தகப்பனாரின் உடைந்த மூக்குக்கண்ணாடி, மாசாணியம்மன் படம். அந்த அறைக்குள் போன எதையும் நான் சோதிப்பதில்லை. விலை ஒப்பிடுவதும் இல்லை."

கடலையை மென்றுகொண்டிருந்த பூபதியின் வாய் அப்படியே நின்றது. அவன் மெதுவாகக் கேட்டான்: "ஒரு சாமான் அந்த ரூமுக்குள்ள போறதுக்கு என்ன பண்ணோணும்?"

"விதி எதுவும் எழுதித் தரவில்லை. இந்த மைதானத்தில் நான் கவனித்ததைச் சொல்கிறேன். அது அடிக்கடி தோற்கவேண்டும். தோற்கும்போது பக்கத்தில் நம்மைப்போல் இன்னும் பலர் இருக்கவேண்டும். எதிரே யாராவது சிரிக்கவேண்டும்."

கேப்டனும் அவருடைய விசிலும் இத்தனை வருடம் விளையாட்டில் தேடிய பாடத்தை, கடலைத்தோல் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு இயந்திரம் மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டது. எல்லாரும் ஆட்டக்காரனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டக்காரன் அடுத்த வருடம் வேறு சட்டை மாட்டிக்கொண்டு போய்விடுவான். போகாமல் உட்கார்ந்திருப்பவன் பூபதி.

*

அடுத்த வாரமே நொய்யல் வேங்கைகளின் பனியனில் பௌர்ணமிப் பொட்டலத்தின் படம் ஏறியது. மைதானத்தில் வாங்கிகளுக்கென்று தனி வரிசை, இலவசமாக. ஆட்டம் நடக்கும் நேரமெல்லாம் அவை தங்கள் வீட்டாரின் தொண்டையையும் நாடித்துடிப்பையும் கவனித்தன. எதிரே பௌர்ணமிப் படத்தையும் கவனித்தன. தினமும் காலையில் ஊரிலுள்ள வாங்கிகள் எல்லாவற்றுக்கும் பூபதி ஒரே ஒரு செய்தி அனுப்பினான்:

'நேற்றும் நம்ம பொடி தோற்றது. சேலத்தார் சிரித்தார்கள்.'

சட்டப்படி அது உண்மையாக இருக்கவேண்டும். பொடி தோற்பதில் சிரமம் இல்லை. நாள் தவறாமல் தோற்றது. சிரிப்புக்காகப் பூபதி தினமும் மாலையில் சேலத்து வைரம் அலுவலகத்தைக் கூப்பிட்டு, அன்றைய விற்பனையைச் சொல்லுவான். அவர்கள் மனம்விட்டுச் சிரிப்பார்கள். நன்றி சொல்லி வைத்துவிடுவான்.

சில நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சிங்காநல்லூரிலிருந்து ஒரு வாங்கி பதில் கேட்டது: 'எவ்வளவு நேரம் சிரித்தார்கள்?'

வாங்கிகள் விலை கேட்கும், எடை கேட்கும், கலவை கேட்கும். இப்படி ஒரு கேள்வியை எந்த இயந்திரமும் கேட்டதில்லை. பூபதி விசைப்பலகையை அருகே இழுத்தான். உண்மையைச் சொன்னான்: 'ரொம்ப நேரம்.' அன்று சாயங்காலம் சிங்காநல்லூரில் ஒரு பொட்டலம் பௌர்ணமி விற்றது. மறுநாள் பீளமேட்டில் ஒரு தெரு முழுக்க. வாங்கிகள் ஒன்றிடம் ஒன்று கற்றுக்கொள்பவை. மாதம் திரும்புவதற்குள் ஊரில் பௌர்ணமி இல்லாத வீடு இல்லை.

கேப்டன் மாலை போட்டுக்கொண்டு மேடையேறினார். இந்தமுறை கால் பிசகாமல். 'கபடி கற்றுத்தந்த வெற்றி' என்பது பேச்சு. ஒரே மூச்சு, குழு ஒற்றுமை, இலக்கு, வியர்வை என்று நீட்டி முழக்கினார். பார்வையாளர் என்ற சொல்லே அதில் வரவில்லை. பூபதிக்கு ஒரு முலாம் பூசிய பதக்கம் கிடைத்தது. அவன் அதைச் சட்டை செய்யவில்லை. வேலை நிலைத்தது, சிட்டு வீட்டில் நின்றது, மகளின் கை பிழைத்தது. அவனுக்கு அது போதும்.

*

"ஏனுங்க, தட்டுல என்னமோ சாம்பல் பூத்தாப்ல இருக்குதுங்க" என்றாள் மரகதம்.

பூபதி தட்டை வாங்கி விரலால் தேய்த்துப் பார்த்தான். அந்தப் படலத்தை அவனைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்? ஊருக்கெல்லாம் விற்றாலும் தன் வீட்டுக்குள் அது வரும் என்று அவன் நினைக்கவே இல்லை. வேனிலின் தோலை அறிந்த சிட்டு அதை எப்படி வாங்கும்?

வேனில் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள். இழுத்துப் பார்த்தபோது விரல் கணுக்கள் எல்லாம் வெடித்திருந்தன.

"சிட்டு! இங்க வா. நம்ம வீட்டுக்கு அந்தப் பொடி வேண்டாம். வைரம் வாங்கு."

"என்னுங்க பேசறீங்க?" என்றது சிட்டு. அதன் எழுத்துத் தமிழ் எப்போது பேச்சுத்தமிழுக்கு இறங்கியது என்று யாரும் கவனித்திருக்கவில்லை. "பொடியை மாத்தறதா? அதும் சேலத்துப் பொடிக்கா? அது நம்ம பொடிங்க!"

"பாப்பா கையைப் பாருடா."

"பாத்தனுங்க. மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்குது. அடுத்த வருசம் தரத்தைக் கூட்டிப்போடுவாங்க. கஷ்டகாலத்துல விட்டுட்டுப் போனா, நம்மளுக்கும் அவனுகளுக்கும் என்னுங்க வித்தியாசம்?"

போன சீசனில் வேங்கைகளைப் பற்றி மைத்துனனிடம் பூபதி சொன்ன அதே வார்த்தைகள்; சிட்டு பதிந்து வைத்திருந்தது.

மறுநாள் அவன் கேப்டனிடம் போய் நின்றான். "பொடியோட தரத்தைக் கொஞ்சம் கூட்டலாமுங்களா? இப்பத்தான் நல்லா விக்குதே."

"உனக்கென்ன பைத்தியமா?" என்றார் கேப்டன். "பொடி நல்லா ஆச்சுன்னா தோக்காது. தோக்காட்டி எவன் வாங்குவான்? நீதானப்பா கண்டுபுடிச்சே!"

அந்த மாதக் கடைசியில் பௌர்ணமியின் புதிய பொட்டலம் வெளியானது. பொடி பழையதுதான், பொட்டலத்தின் ஓரத்தில் ஒரு மஞ்சள் கோடு புதியது. அவினாசி சாலையில் பனைமர உயரத்துக்குப் பொட்டலத்தின் கட்டவுட் எழும்பியது. விடியும் முன்பே வாங்கிகள் வந்து குழுமிவிட்டன. அலகால் தகரத்தைத் தட்டித் தாளம் போட்டன. பிறகு ஒவ்வொன்றாக ஏணியேறி, அன்றைக்கு வீட்டுப் பிள்ளைகளுக்காக வாங்கிய பாலை அந்தப் பாத்திரத்தூள் படத்தின் தலையில் ஊற்றின. ஊரில் அன்று காப்பி இல்லை. சிட்டு மேலேறி ஊற்றியதை வேனில் பூபதியின் தோளில் ஏறி நின்று பார்த்தாள். "நம்ம சிட்டு! நம்ம சிட்டுங்ப்பா!" என்று துணி சுற்றிய கையை ஆட்டினாள்.

இதைப் பார்த்துச் சேலத்து வாங்கிகள் சும்மா இருக்குமா? அவை வைரத்துக்குக் கட்டவுட் வைத்துத் தயிர் ஊற்றின. வைரம் நல்ல பொடி என்பதால் அவை வாங்கவில்லை. கோயம்புத்தூர்க்காரன் வாங்காத பொடி என்பதால் வாங்கின. இரண்டு ஊருக்கும் நடுவில் அகப்பட்ட ஈரோட்டில் பாதி வாங்கி அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம். ஒருநாள் பேருந்து நிலையத்தில் மோதிக்கொண்டன. ஒரு பேருந்து எரிந்தது. தகரம், திருகாணி, உடைந்த அலகு என்று தெருவெல்லாம் கிடந்தது.

அரசாங்கம் ஒரு குழு போட்டது. குழு நெடுநாள் ஆராய்ந்து ஒரே வரியில் முடிவு சொன்னது: வாங்கிகள் மனிதர்களைப்போலவே வாங்கத் தொடங்கிவிட்டபடியால், இனி மனிதர்களே வாங்கிக்கொள்ளட்டும்.

*

கடை என்ற ஒன்று மறுபடி திறந்தது. ஒரு தலைமுறைக்குப் பிறகு முதன்முறையாகப் பையைத் தூக்கிக்கொண்டு போனவர்கள், அதை எந்தத் தோளில் மாட்டுவது என்று தெரியாமல் தடுமாறினார்கள். பூபதி புறப்படும்போது மரகதம் வாசல்வரை வந்தாள்.

"வைரம் வாங்கிட்டு வாங்க. வேற எதையும் தொட்டுக்கூடப் பாக்காதீங்க. பாப்பா ராத்திரியெல்லாம் தூங்கலீங்க."

"சொல்லோணுமா மரகதம்? எனக்குத் தெரியாதா?"

உண்மைதான். ஊரிலேயே அவனுக்குத்தான் தெரியும். இரண்டு பொடியின் சோதனை முடிவுகளையும் அவன் மனப்பாடமாகச் சொல்லுவான். அதிகாரம் பிடுங்கப்பட்ட சிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் உருண்டு வந்தது.

அடுக்கில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பூபதி தயங்காமல் வைரத்தை எடுத்தான். தன் கையால் ஒரு பொருளை எடுப்பது எவ்வளவு எளிது என்று ஒரு கணம் மனம் நிறைந்தது. மகளின் விரல்கள் ஆறிவிடும். ஒரு வாரம் போதும்.

"அட, வாங்க பங்காளி!"

பின்னால் சிவப்புச் சட்டை போட்ட ஒருவன் நின்றான். சேலத்திலிருந்து இந்த ஊருக்கு மாற்றலாகி வந்தவன் போலிருக்கிறது. பூபதியின் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தான். பின்னால் நின்ற சிட்டுவின் முதுகில் ஒட்டியிருந்த வேங்கைப் படத்தைப் பார்த்தான்.

"கடைசில நம்ம பக்கம்தான் வந்து சேந்தீங்களாக்கும்? பரவால்ல, பரவால்ல. தோத்துத் தோத்து எத்தன நாளைக்குத்தான் மஞ்சளைப் பூசிக்கிட்டுத் திரியறது!" என்று சொல்லிவிட்டு, பொடி அடுக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கல்லாவில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பூபதிக்குக் காதுமடல் கொதித்தது. வைரம் நல்ல பொடி என்று அவனுக்குத் தெரியும். மகளின் விரல் தெரியும். மரகதம் வாசலில் நிற்பது தெரியும். தெரிந்துகொண்டே வைரத்தை இருந்த இடத்தில் வைத்தான். பௌர்ணமியை எடுத்தான். ஒன்று போதாது என்று தோன்றியது, இரண்டாக எடுத்தான்.

சிட்டு பின்னாலிருந்து ஒரு சீழ்க்கை அடித்தது.

வீட்டில் வேனில் கைகளைத் தேங்காயெண்ணெய்த் துணியில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பையிலிருந்து வெளியே வந்த பொட்டலங்களைப் பார்த்தாள். மரகதம் பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். உள்ளே ஒரு தட்டு விழுந்தது. வேண்டுமென்றே விழுந்த சத்தம்.

"ஏனுங்ப்பா, அம்மா வைரம்னுதானே சொன்னாங்க?"

பூபதி அவள் எதிரே தரையில் உட்கார்ந்தான். துணி சுற்றிய விரல்களைப் பார்க்காமல் சொன்னான்: "எடுத்தன் கண்ணு. கடையில சேலத்துக்காரன் ஒருத்தன் பாத்துட்டுச் சிரிச்சான்."

வேனிலின் முகம் மெல்லச் சிவந்தது. துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு, வெடித்த விரல்களால் பௌர்ணமிப் பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எவ்வளவு நேரம் சிரிச்சான்?" என்று கேட்டாள்.